பதினொரு வினாடி

மின்விசிறிக்கு நிறம் எதற்கு என்றேன்.
காற்றுக்கே நிறமில்லை.

தாவெத், தார்த்து நகரில்
கணினி பூட்டிக் கொடுப்பவர்களில்
அதிகம் பேசுகிறவன்,
கண்ணாடி வைத்த கூடு ஒன்றைத் தட்டிக் காட்டினான்.
உள்ளே ஊதா, பிறகு பச்சை, பிறகு
இருமல் மருந்தின் சிவப்பு.
"இது இல்லாவிட்டால் வெறும் ஃபியூஸ் பெட்டி, ரீனா."

கைப்புண்ணுக்கே கண்ணாடி வேண்டாம்,
கணினிக்கு எதற்கு?
எண்சாண் பெட்டிக்கும்
கிராபிக்ஸ் அட்டையே பிரதானம்.
நான் பாலம் வரைகிறவள்.
ஒரு தூணின் நிழல் ஆற்றில் சரியாக விழ
இரவு முழுக்கக் கணக்குப் போடும் இயந்திரம் போதும் எனக்கு.
ஒளிரும் விசிறி நான்கு:
அறுபத்திரண்டு யூரோ கூடுதல்.
ஒரு நிழல்கூட அதனால் சீக்கிரம் விழாது.
விலைப்பட்டியலின் பின்பக்கம் கூட்டிக் கழித்து
கறுப்பு, கறுப்பு, கறுப்பு
என்று எழுதிக் கொடுத்தேன்.

மெமரி மட்டும்
கறுப்பில் வர மூன்று வாரமாம்.
கையிருப்பில் இருந்தது ஒளிர்வதுதான்.
"அணைத்துக்கொள்ளலாம்," என்றான்
சிரிப்பை மறைக்காமல்.

அணைத்தேன்.
அதற்கென்றே ஒரு மென்பொருள்,
அதில் மூன்று கட்டம்,
மூன்றிலும் பூஜ்யம்.
ஆனால் அந்த மென்பொருள் கண்விழிக்கும் முன்
தினமும் காலையில்
மெமரிக் குச்சிகள் பிறவிக் குணத்தைக் காட்டிவிடும்.
பக்கத் தகட்டை நான் இன்னும் மாட்டவில்லை
(திருகாணி ஒன்று சோபாவுக்கடியில்).
சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி,
சுவர், கெட்டில், காயாத காலுறை
எல்லாவற்றின்மேலும் ஒருதரம் ஓடிவிட்டு
பதினோராம் வினாடியில் செத்துப்போகும்.
எண்ணியிருக்கிறேன்.

நவம்பர்.
எட்டு மணிக்கு முன் விடியாது,
நாலுக்குள் இருட்டிவிடும்.
குப்பைத் தொட்டியருகே ஒருவர் நின்றார்.
எதிர் பிளாக், நாலாம் மாடி, ஹெல்துர்.
நகரப் பேருந்து ஓட்டுகிறார், முதல் ஷிப்ட்.
ஆறு வருடத்தில் எங்களுக்குள் அதுவரை
ஏழு தலையசைப்பு இருக்கும்.

"ஐந்து நாற்பதுக்கு
உங்கள் ஜன்னலில் ஏதோ ஓடுகிறதே."
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"அதைப் பார்த்துத்தான் பூட்ஸ் போடுவேன்.
நேற்று வரவில்லை.
பஸ்ஸை ஒரு நிமிடம் தாமதமாக எடுத்தேன்."
"நேற்று எனக்குக் காய்ச்சல்."
"அப்படியா," என்றார்.
எட்டாவது தலையசைப்பு.

போன வாரம் தாவெத் எழுதியிருந்தான்:
புது ஃபர்ம்வேர் வந்துவிட்டது,
இனி முதல் வினாடியிலிருந்தே இருட்டு,
நீ கேட்டதுபோல.
தரவிறக்கி வைத்திருக்கிறேன்.
திரையின் ஓரத்தில் இருக்கிறது,
நாலு மெகாபைட்.

யாராவது கேட்டால் இன்றும்
காசைக் கரியாக்காதே என்றுதான் சொல்வேன்.
கறுப்பு வாங்கு. மீதிக்கு நல்ல நாற்காலி வாங்கு.
பாலத்தில் கைப்பிடி பளு தாங்குவதில்லை,
அதையும் சேர்த்துத்தான் வரைகிறேன்,
அது வேறு விஷயம்.

இன்று ஞாயிறு.
எனக்கு வேலையில்லை.
ஐந்து முப்பத்தொன்பது,
சில்லென்ற தரையில் ஒற்றைக் காலை ஊன்றி
மற்றதை அதன்மேல் வைத்தபடி
விசையை அழுத்தினேன்.
சிவப்பு. மஞ்சள்.
எதிர் ஜன்னல் இருட்டாகவே கிடந்தது.
அவருக்கும் இன்று விடுமுறையாயிற்றே
என்று உறைத்தபோது ஆறாவது வினாடி.

மீதி ஐந்தை
நானே பார்த்தேன்.